சந்தனம் பூசிய பெட்டி

சங்கராபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் கண்ணாயிரத்துக்குத் தினமும் ஒருவரைத் திட்டினால்தான் சோறு இறங்கும். பத்து வருடத்துக்கு மேலாக அந்த ஒருவராக இருந்தவள் பவுலின். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அந்த ஆள்தான் வந்து நிற்கிறான். வந்து தொலையட்டும். அவனை விட்டுவிட்டு அவள் கதையைச் சொல்ல முடியாது.

நான் டேவிட். தியாகதுருகத்தில் இருந்துகொண்டு கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கமெல்லாம் பைக்கில் போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். பவுலின் என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். எங்கள் இரண்டு குடும்பமும் பூர்வீகத்தில் ஒரே மாதா கோயில்.

அவள் பிறந்தது மூங்கில்துறைப்பட்டுப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிற கூலி. இவள் பன்னிரண்டாவது முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றும் முடித்து, கண்ணாயிரத்தின் ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் செய்ய வந்தாள். வாடின மாலையைப் பூத்த மாலை ஆக்குவாள். பெண்ணுடைய அம்மாவின் கண்ணுக்கடியில் இருக்கிற கருவளையத்தை எடுப்பாள். மாப்பிள்ளை கறுப்பு என்றால் இரண்டு படி வெளுக்க வைப்பாள். வெளுத்தது போதாதென்று பார்ட்டி சொன்னால் திட்டு அவளுக்கு, ஜாஸ்தி வெளுத்துவிட்டான் என்றாலும் திட்டு அவளுக்குத்தான். புருஷன் தைரியநாதன், கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். இவர்களுக்கு ஒரே பெண், ஜூலியா.

ஜூலியா இப்போது இல்லை. பத்து வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினாள். அதே வருடம் ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அந்தப் புதுநன்மை விழாவை வீடியோ எடுத்தது கண்ணாயிரம். பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு என்று ஒரு இடம் வரும். பிள்ளைகளில் ஒன்று மைக் முன்னால் போய் ஊருக்காக வேண்டிக்கொள்ளும். அன்றைக்கு அந்தப் பிள்ளை ஜூலியா. நல்ல மழைக்காகவும் கரும்பு வெட்டுகிறவர்களின் கைகளுக்காகவும் மன்றாடினாள். மைக் உயரமாக இருந்ததால் எக்கி நின்று, மூச்சு வாங்க வாங்கப் படித்தாள். மற்ற வீடுகளுக்கெல்லாம் அந்த வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுத்தது பவுலின்தான். "உன்னுது எங்க போவுது, சும்மா இருக்க சொல்லோ போட்டுக்க" என்றான் முதலாளி. சும்மா இருக்கிற நேரம் அந்த ஸ்டூடியோவில் என்றைக்கு வந்தது? பிள்ளைதான் போனது.

வீட்டில் ஜூலியாவின் போட்டோ நிறைய உண்டு. போனில் எடுத்த வீடியோ இரண்டு இருந்தன. ஒன்றில் கோழியைத் துரத்திக்கொண்டு சிரிக்கிறாள். இன்னொன்றில் முதுகுதான் தெரிகிறது. இரண்டிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்றவர்களுக்கு அந்தப் பிள்ளையின் பேச்சு வேண்டியிருந்தது. அது இருந்தது ஒரே இடத்தில், கண்ணாயிரத்தின் பெட்டியில்.

பெட்டி என்றால், உள்ளே நாலு ஹார்ட் டிஸ்க் வைத்த சின்ன மெஷின். ஒரு வயர் மாட்டிவிட்டால் போதும், வீட்டில், கடையில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரும் அதில் படத்தைப் போட்டு வைக்கலாம், எடுக்கலாம். ஸ்டூடியோ கீழே, வீடு மேலே. பெட்டியை அவன் மேலே பூசை ரூமில் வைத்திருந்தான், அதுதான் லட்சுமியாம். முன்னால் வேலை பார்த்த ஒருத்தன் கல்யாண வீடியோக்களைத் திருடித் தன் கடைக்கு விளம்பரம் போட்டதிலிருந்து, பழைய ஃபோல்டர்களுக்கெல்லாம் பூட்டு. கண்ணாயிரத்தின் பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். "பழைய சர்ச்" என்று அந்த ஃபோல்டரின் பெயர் பவுலினின் திரையில் தினமும் தெரியும். தொட்டால் அனுமதி இல்லை என்று வரும்.

அவள் கேட்டாள். சீசன் முடியட்டும் என்றான். சீசன் முடிந்து கேட்டாள். "ஞாயித்துக்கெழமையும் வா, ஆல்பம் ஜாஸ்தி தேங்கிக்கெடக்குது. எல்லாத்தையும் முடிச்சிக் குடு, உன் பொண்ணுத எட்த்துத் தரேன்" என்றான். கோயிலுக்குப் போகாமல் ஞாயிறுதோறும் போனாள். சாமியார் ஏன் காணோம் என்று கேட்டதற்குத் தைரியநாதன் உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தான். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி. ஒரு ஃபைலைக் காப்பி செய்து கொடுக்க என்ன வலி? கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கிடைக்காது, அந்த வலிதான்.

போன ஆயுத பூசைக்குப் பிறகு அவனுக்கு இன்னொரு சாக்கு கிடைத்தது. பெட்டி மெதுவாகிவிட்டது. முன்னே டீ குடிப்பதற்குள் ஏறின ஃபைல், இப்போது சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பாதியில் நின்றது. "உன் பொண்ணு ஃபைலு பெருசு. அத்தக் காப்பி போட்டா ஒரு மணி நேரம் என் வேல நிக்கும். டேவிட்டு வந்து ஸ்பீட சரி பண்ணட்டும், அன்னிக்கே தரேன்" என்றான். என்னை மட்டும் கூப்பிடவில்லை.

கடைசியில் கூப்பிட்டது வேறு விஷயத்துக்காக. அந்தப் பெட்டிக்கு உடம்புக்கு ஏதாவது ஆனால் தானாக மெயில் அனுப்பும். டிஸ்க் சூடு, இடம் நிறைந்தது, யாரோ எதையோ அழித்தார்கள் என்று எல்லாவற்றுக்கும் மெயில். முதலில் அது கண்ணாயிரத்தின் போனுக்குத்தான் போனது. அவன் தம்பிக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்த அன்று விடிகாலையில் டிஸ்க் சூடு என்று ஒரு மெயில் வந்தது. மத்தியானம் பெண் வீட்டார் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள். அந்தத் தம்பியைப் பார்த்தால் யாரும் எழுந்துதான் போவார்கள். ஆனால் பழி மெயில் மேல் விழுந்தது. "இந்த எழவு மெயில்லாம் எனக்கு வாணாம், பவுலினு போனுக்குத் திருப்பி வுட்ரு" என்று என்னிடம் சொன்னான். அவளுக்கும் சட்டம் போட்டான். காலையில் அந்த மெயிலைத் திறக்கக் கூடாது, மத்தியானத்துக்கு மேல்தான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் வாயே திறக்கக் கூடாது.

பிறகு மெயில் கம்பெனிக்காரன் விதியை மாற்றினான், பெட்டியில் இருந்த பழைய பாஸ்வேர்டு செல்லாமல் போனது, மெயில் நின்றது. தொல்லை விட்டது என்று கண்ணாயிரம் சந்தோஷமாகத்தான் இருந்தான். தை மாதம் ஒரு கல்யாணத்தை ஏற்றும்போது பெட்டி நிறைந்து பாதியில் நின்றுவிட்டது. பார்ட்டி உட்கார்ந்திருக்கும்போதே பவுலினைப் பிடித்தான்.

"மெயில் வந்துச்சா இல்லியா?"

"வரலிங்க சார்."

"வரலன்னா வரலன்னு சொல்றதுக்கு இன்னா, வாயில கொழுக்கட்டையா?"

அப்போதைக்கு எதையோ அழித்து இடம் பண்ணிவிட்டு, மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என்னை வரச் சொன்னான். மெயில் திரும்பவும் பவுலினுக்கு வர வேண்டுமாம், வந்த கையோடு வேகத்தையும் பார்த்துவிட வேண்டுமாம். திட்டுவதற்கு ஒரு முகவரி வேண்டாமா?

நான் போனபோது பவுலின் வாசலிலேயே நின்றாள். முகம் கழுவிப் பொட்டில்லாத நெற்றியில் ஈரம் இருந்தது. கைக்குட்டையை முடிச்சுப் போட்டுக் கையில் வைத்திருந்தாள்.

"ஸ்பீடு இன்னிக்கி சரியாயிடுங்களாண்ணா?"

"ஆயிடும். கையில இன்னா?"

"பென் டிரைவுண்ணா. புதுசு. இன்னிக்கிக் கண்டிப்பா தரேன்னுட்டாரு. எங்க வூட்டுக்காரரு சாய்ங்காலம் மில்லுல லோடு எறக்கிட்டு இப்டியே வந்து கூட்டிக்கினு போறேன்னாரு. டிவில பென் டிரைவு சொருவுற ஓட்டைய நேத்தே தொடச்சி வெச்சிக்கினாரு."

மெயில் வேலை பெரிசில்லை. மெயில் கணக்குக்குள் போய், பெட்டிக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு எடுத்து, பழையதை அடித்துவிட்டுப் புதியதைப் போட்டேன். சோதனைக்கு ஒரு மெயில் அனுப்பினேன். பவுலின் போன் டிங் என்றது.

"வந்துட்ச்சிண்ணா" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது.

"வெள்ளிக்கெழம காலங்காத்தால மெயிலு கியிலுன்னு பேசாத" என்று உள்ளேயிருந்து கண்ணாயிரம் கத்தினான். அவள் போனைக் குப்புறப் போட்டு டிராயருக்குள் தள்ளினாள்.

அடுத்தது வேகம். ஒரு ஃபைலைக் காப்பி போட்டுப் பார்த்தேன். இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. கம்ப்யூட்டரை மாற்றினேன், வயரை மாற்றினேன், நடுவில் எல்லா வயரும் வந்து சேருகிற ஸ்விட்சில் ஓட்டையை மாற்றினேன். எல்லாவற்றிலும் அதே வேகம், ஒரு இம்மி கூடக் கூடவில்லை, குறையவில்லை. அப்படியென்றால் கோளாறு மேலே பெட்டிப் பக்கம். மாடிக்குப் போனால் கண்ணாயிரத்தின் மனைவி அம்சவள்ளி பூசை ரூம் வாசலிலேயே மறித்தாள்.

"பூச முடியட்டும்பா. நீங்கல்லாம் கறி துன்றவங்க, இப்ப உள்ள வராத."

எங்களுக்குத் தவக்காலம், கறி தொடாத நாட்கள். வெள்ளிக்கிழமை, நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. அவள் வீட்டு இட்லி வாசனை மாடிப்படி முழுக்க அடித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பதில் சொல்லியிருப்பேன், கீழே ஒருத்தி கைக்குட்டையோடு காத்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

கண்ணாயிரம் படிக்குக் கீழே தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து குரல் கொடுத்தான். "டேவிட்டு, சாமான் ஜாஸ்தியா அடச்சி வெச்சா பெட்டி ஸ்லோ ஆவுமா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். ஒயர்லயோ ஓட்டையிலயோ தான் கோளாறு. நான் பாக்கறேன், நீங்க எதையும் தொடாதீங்க."

"சரி சரி" என்றான். கேட்பது அவன் பழக்கம், கேட்டதைக் காதில் வாங்குவது அவன் பழக்கம் இல்லை. கொஞ்ச நேரம் மவுஸைத் தட்டுகிற சத்தம் வந்தது. டிராயருக்குள் பவுலினின் போன் இன்னொரு தரம் டிங் என்றதாம். நான்தான் மறுபடி சோதனை மெயில் அனுப்புகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆயிற்றே, அவள் திறக்கவில்லை.

மணி அடித்து, கற்பூரம் காட்டி, அம்சவள்ளி என்னை உள்ளே விட்டபோது உச்சி வெயில் ஆகிவிட்டது. பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வயர் மாட்டுகிற இடத்தில் பச்சை விளக்கு எரிய வேண்டும், மஞ்சள் எரிந்தது. வயரை உருவினேன். ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து பொறுக்குத் தட்டியிருந்தது. அதன் மேல் குங்குமம். காற்றாடியைச் சுற்றியும் மூன்று பொட்டு.

"இங்க யாரும்மா சந்தனம் வெச்சது?"

"நான்தான், ஆயுத பூசைக்கு. அதுக்கு மூஞ்சி அந்தப் பக்கம் தானப்பா? கண்ணு மின்னி மின்னி எரியுது பாரு."

உள்ளே எட்டுக் கம்பி இருக்கும். நாலு சந்தனத்தில் புதைந்து போயிருந்தன. மிச்சம் நாலு கம்பியை வைத்துக்கொண்டு பெட்டி நொண்டிக்கொண்டிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துச் சுரண்டிச் சுத்தம் பண்ணினேன், காய வைத்தேன், வயரை மாட்டினேன். பச்சை எரிந்தது.

கீழே வந்து ஒரு பெரிய ஃபைலைக் காப்பி போட்டேன். பறந்தது. பவுலின் வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்குட்டை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"சார், இப்பக் குடுக்கறீங்களா?"

கண்ணாயிரம் நாற்காலியில் சாய்ந்தான். "பாத்தியாடா டேவிட்டு, குப்பையத் தூக்கினேன், ஸ்பீடு வந்துட்ச்சி. நீ இன்னாமோ சம்பந்தமே இல்லன்ன."

"எந்தக் குப்ப சார்?" என்றேன்.

"பழசெல்லாம் தான். நாலஞ்சி வருஷத்துக் கருமம்."

பவுலின் அவன் தோளுக்கு மேல் குனிந்து திரையைப் பார்த்தாள். "பழைய சர்ச்" இல்லை, அது இருந்த இடத்துக்கு அடுத்த ஃபோல்டரின் பெயர் ஏறியிருந்தது. அவள் டிராயரை இழுத்துப் போனை எடுத்தாள். நான் சரி பண்ணிக் கொடுத்த மெயில் சரியாக வேலை செய்திருந்தது. எந்த ஃபோல்டர், யார் அழித்தது, எத்தனை மணிக்கு, எல்லாம் அதில் இருந்தது. இங்கிலீஷில்தான் இருந்தது, அவளுக்குப் புரிந்தது.

"அதுலயா இருந்துச்சி?" என்றான் கண்ணாயிரம். ஒரு கணம் முழித்தான், அவ்வளவுதான். "சரி வுடு. போட்டா இருக்குதுல்ல."

ஒவ்வொரு ஃபைலாக அழித்திருந்தால் குப்பைத்தொட்டியில் தேடலாம். இவன் ஃபோல்டரையே பிடுங்கியிருந்தான். அதற்குக் குப்பைத்தொட்டி கிடையாது. ஒரே வழிதான் இருந்தது. அழித்த இடத்தின் மேல் புதிதாக எதையும் ஏற்றாமல் பெட்டியை அணைத்து வைத்தால், சென்னையில் தோண்டி எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைத்தாலும் கிடைக்கும். இதைப் பவுலின் முன்னாலேயே சொன்னேன்.

"சாய்ங்காலம் தியாகதுருகத்துப் பார்ட்டி வராங்க. கல்வராயன் மல அருவில எடுத்த அவுட்டோரு, அஞ்சி மெமரி கார்டு, பெட்டில ஏத்தணும்" என்றான்.

"வேற டிஸ்க்குல ஏத்துங்க சார். நான் கொண்டாந்து தரேன், சும்மாவே தரேன்."

"யாரு வூட்டுப் பெட்டிய எவன் சென்னைக்குத் தூக்கிக்கினு போறது? அதுல என் தொழிலே கீது."

பவுலின் அவன் காலில் விழுந்தாள். விழுந்தாள் என்று நான் சும்மா சொல்லவில்லை, தரையில் நெற்றி படுகிற சத்தம் கேட்டது. அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"சீ எழுந்திரு, கஸ்டமர் வர்ற நேரம். இங்க பாரு பவுலினு, செத்த புள்ள கொரல வூட்டுல போட்டுக் கேட்டுக்கினே இருந்தா குடும்பம் வெளங்காது. உன் நல்லதுக்குத்தான் இப்டி ஆயிருக்குது. எழுந்து கார்ட சொருவு."

அவள் எழுந்தாள், கார்டைத் தொடவில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்தாள். நான் மேலே ஓடிப்போய் வயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவன் மேசைக்கடியிலிருந்து வேறொரு வயரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான், அவ்வளவுதான். அவன் வீடு, அவன் பெட்டி. அம்சவள்ளி படியில் நின்று, "ஐயோ பாவம். ஆனா நான் சந்தனம் வெச்சதாலதான்னு யாருகிட்டயும் சொல்லாதப்பா" என்றாள்.

அவனே உட்கார்ந்து ஏற்றினான். முதல் கார்டு, இரண்டாவது கார்டு. திரையில் கல்வராயன் மலையின் அருவி. அதன் கீழே ஒரு ஜோடி நனைந்துகொண்டு சிரித்தது. "அடேங்கப்பா, இன்னா ஸ்பீடு" என்று ஒவ்வொரு கார்டுக்கும் சொன்னான். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அஞ்சாவது கார்டு முடிந்ததும் பவுலினின் போன் டிங் என்றது. பெட்டியில் மறுபடி இடம் குறைகிறதாம்.

"மெயில் நல்லா வருதுண்ணா" என்றாள் என்னிடம். பிறகு கேட்டாள். "இந்த ஸ்பீடுல எம் பொண்ணுது எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். அவளுக்கும் இந்தத் தொழில் தெரியும். "அஞ்சி நிமிஷம்" என்றேன்.

"அஞ்சி நிமிஷம்தானா. அதுக்கா இத்தினி ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவாம வந்தேன்."

சாயங்காலம் தெருமுனையில் டிராக்டர் வந்து நின்றது. நானும் அவளோடு நடந்து போனேன், நான் சொல்லிவிடுகிறேன் என்று. தைரியநாதன் இறங்கி நின்றான். தலையைச் சீவி, நல்ல சட்டை போட்டிருந்தான். மில்லுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகிறவன் யாராவது நல்ல சட்டை போடுவானா?

"கெடச்சிட்ச்சா?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பவுலின் கையை நீட்டினாள். கைக்குட்டையும் அதற்குள் பென் டிரைவும் இருந்தன. அவன் இரண்டு கையாலும் வாங்கினான். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான், மாட்டின பிறகும் ஒரு தரம் தொட்டுப் பார்த்தான்.

"பேசறது நல்லா கேக்குதா?"

"வூட்டுக்குப் போயி பாத்துக்கலாம்" என்றாள். என்னைப் பார்த்தாள், சொல்லாதீங்க என்று.

அவளை மட்காடில் உட்கார வைத்து அவன் வண்டியை எடுத்தான். காலி டிரெய்லரோடு எப்போதும் தடதடவென்று போகிறவன், அன்றைக்கு ஒவ்வொரு வேகத்தடையிலும் நிறுத்தி, பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, மெதுவாக ஏற்றி இறக்கிப் போனான்.